உறை போட்ட கொடி

வெளிநாட்டில் நம் நாட்டு அம்பாசிடர் போகிற காரின் மூக்கில் ஒரு சின்னக் கம்பி இருக்கும். அதில்தான் கொடி. அம்பாசிடரான என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்தால் கொடி பறக்கும். அவர் இறங்கியதும் டிரைவர் ஓடிப்போய், குழந்தைக்குக் குல்லாய் மாட்டுவது போல அதற்கு ஓர் உறையை மாட்டிவிடுவார். ஒருநாள் நான் மட்டும் அந்தக் காரில் காய் வாங்கப் போனேன். உறையைக் கழற்றப்பா என்று சைகை காட்டினேன். அந்த நாட்டுக்கார டிரைவர் நல்ல மனுஷர். எனக்காக முருங்கைக்காயைத் தேடி கடை கடையாக ஏறி இறங்குவார். ஆனால் அந்த உறையை மட்டும் தொட மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மச்சான், நான் போனா இந்தியா போனதா ஆகாதா?"

"அது எனக்கும் இல்ல புள்ள, அந்த நாற்காலிக்கு. கார விட்டு எறங்கிட்டா நானும் ஒன்ன மாதிரி காய் வாங்க வந்த ஆளுதான்."

நீங்கள் என்றைக்குக் காய் வாங்கினீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். பதில் இல்லாத கேள்விக்குச் சிரிப்பது அவர் உத்தியோகத்தில் முதல் பாடம் போலிருக்கிறது. ஆனால் அந்த உறை விஷயத்தை நான் மறக்கவில்லை. பின்னால் உதவியது.

நாங்கள் இரண்டு பேருமே வல்லத்திராக்கோட்டைப் பக்கம். அவர் என் அத்தை மகன். பெரிய பரீட்சை பாஸ் செய்வதற்கு முன்னாலேயே என் கழுத்தில் தாலி கட்டிவிட்டார். பாஸ் செய்த பிறகு என்றால் பெண் கொடுக்க மெட்ராஸிலிருந்து கார் காராக வந்திருப்பார்கள் என்று என் மாமியார் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். அவரோடு எத்தனையோ நாடுகளில் குடித்தனம் நடத்தினேன். மேஜையில் ஏழெட்டு முள்கரண்டி வைத்தால் பக்கத்து அம்மா எதை எடுக்கிறாரோ அதை எடுப்பேன். ஒரு தடவை பக்கத்து அம்மா என்னைப் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் பட்டினி.

அவர் வேலை என்னவென்று ஊரில் கேட்பார்கள். யாருக்கும் இல்லை என்று சொல்லாமல், ஆமாம் என்றும் சொல்லாமல் திருப்பி அனுப்புகிற வேலை என்பேன். "பார்க்கலாம்" என்று ஒரு வார்த்தை வைத்திருந்தார். பெரிய பெரிய மந்திரிகளுக்கும் அதுதான், புடவை கேட்ட எனக்கும் அதுதான்.

ஒரு பாலைவன நாட்டில் இருந்தபோது சண்டை மூண்டது. பெண்டு பிள்ளைகளை எல்லாம் பிளேன் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் வரவில்லை. கூலி வேலைக்குப் போன நம் ஆட்கள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடந்தார்கள். கறம்பக்குடிப் பையன்கள் கூட இருந்தார்கள். அவர்களை பஸ் பிடித்து எல்லை தாண்டி விடுகிறவரை நகர மாட்டேன் என்று இருந்துவிட்டார். நான் ஊரில் பிள்ளைகளோடு ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். போன் வராமலே நாள் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் விடிந்ததும் அய்யனார் கோயிலுக்குப் போய் நின்றேன். இந்த ஆள் உசிரோடு வந்தால், அவர் தோளிலேயே உனக்கு ஒரு மண் குதிரை சுமந்து வந்து வைக்கச் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டினது நான், தோள் அவருடையது. அய்யனார் ஒத்துக்கொண்டார்.

மெலிந்து, கறுத்து, தாடியோடு வந்து சேர்ந்தார். குதிரை விஷயத்தைச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

எங்கள் ஊரில் மண் குதிரைகளைக் கோயிலுக்குச் சுமந்து போகிற குதிரை எடுப்பு வருஷா வருஷம் நடக்காது. ஊர் கூடிப் பேசி, குதிரை செய்கிற வேளாரிடம் பிடிமண் என்று ஒரு பிடி ஊர் மண்ணைக் கொடுத்தால்தான் உண்டு. ஊர் மண் கொடுத்த வருஷமெல்லாம் இவர் ஏதாவது ஒரு நாட்டில் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார். உன் மகன் சுமக்கட்டுமே, தம்பி சுமக்கட்டுமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மகன் தோளை நான் வேண்டவில்லையே. ரிட்டயர் ஆகி வந்தால் ஆளைக் கொத்தாகப் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். ரிட்டயரும் ஆனார். பெட்டி பிரிக்கிறதுக்குள் டெல்லியிலிருந்து போன். ஒரு மாநிலத்துக்கு கவர்னர்.

கவர்னர் மாளிகையில் என்னை முதல் பெண்மணி என்றார்கள். அப்படியானால் இரண்டாவது யார் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வைத்தேன். அன்றைக்கு முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் ஊரில் பிடிமண் கொடுத்துவிட்டார்கள் என்று சேதி வந்தது. நான் இவரிடம் கேட்கவே இல்லை. நேராக வேளாருக்குப் போன் போட்டு எங்கள் குதிரைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் சொன்னேன். வழக்கம் போல வாயைத் திறந்தார். அந்த வார்த்தை வருவதற்கு முன்னால் சொல்லிவிட்டேன்: "பார்த்ததெல்லாம் போதும் மச்சான். எனக்கும் வயசாச்சு, ஒங்களுக்கும் வயசாச்சு. அய்யனாருக்குத்தான் வயசாகல. அவரு காத்திருப்பாரு, நம்மளால முடியாது."

முழங்காலைத் தடவினார். முழங்கால் வலி உண்டு, பொய் இல்லை. அதனால் மறுநாளிலிருந்து மாளிகைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்க வைத்தேன். தோளில் கால் மூட்டை மணல். காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் சல்யூட் அடித்தார்கள். இவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு போவார். டாக்டர் வேண்டாம் என்றார். டாக்டருக்கு முறுக்கு கொடுத்துப் பேசினேன். முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு சுமக்கலாம் என்று இறங்கி வந்தார். மாநிலம் விட்டு மாநிலம் வர டெல்லியில் கேட்க வேண்டுமாம். சொந்த வேலை என்று எழுதிக் கேட்டார். என் வேலை அவருக்குச் சொந்த வேலை ஆனது அந்தக் காகிதத்தில்தான்.

எடுப்பு அன்றைக்கு, குதிரைகள் நிற்கும் பொட்டலுக்குக் கொடி பறக்கிற கவர்னர் காரில் போய் இறங்கினோம். வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வெள்ளை அடித்து, கண் எழுதி, மாலை போட்டு. முதலில் நிற்பது அரண்மனைக் குதிரை. ராஜா போய், அரண்மனையில் ஆபீஸ் வந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தக் குதிரைக்கு மட்டும் பேரும் போகவில்லை, இடமும் போகவில்லை. அதுதான் முன்னால் போகும். அதை ஊர் சுமக்கும். நேர்த்திக்கடன் குதிரைகள் எல்லாம் வேளாரிடம் சொல்லி வைத்த வரிசைப்படி பின்னால். எங்களுடையது கடைசிக்கு முந்தினது.

இங்கேதான் சிக்கல். கூட வந்த பெரிய அதிகாரி புரோகிராமைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார். கவர்னருக்கு முன்னால் யாரும் போகக்கூடாது, பாதுகாப்பும் கொடுக்க முடியாது, அதனால் கவர்னர் குதிரை முதலில் போகட்டும், மற்றது எல்லாம் அரை மணி கழித்துக் கிளம்பட்டும் என்றார். ஊர்த் தலைமை பார்க்கிற அம்பலம் என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மாப்பிள்ளை மேல மரியாத இல்லாம இல்லங்க. அவரு எங்க வீட்டுப் புள்ள. ஆனா அரண்மனைக் குதிரைக்கு முன்னாடி எந்தக் குதிரையும் போனதில்ல. போனா இந்த எடுப்பே கெடையாது. நாங்க எறக்கி வச்சுட்டுப் போயிருவோம்."

அப்படியானால் கவர்னர் கும்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும், குதிரையை வேறு ஆட்கள் கொண்டுபோகட்டும் என்றார் அதிகாரி. அவர் மேலும் தப்பில்லை, அவர் வேலை அது. ஊரும் தன் வேலையை விடாது. நடுவில் என் குதிரை, அப்போதுதான் கண் எழுதின ஈரத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக மந்திரிகளிடம் காட்டின அதே முகம். அடுத்து அந்த வார்த்தை வரும் என்று தெரிந்துவிட்டது. இந்தத் தடவை விட்டால் அப்புறம் அவர் தோள் இருக்காது, இல்லை நான் இருக்க மாட்டேன்.

கிட்டே போனேன்.

"மச்சான், நீங்க கார்ல இல்லையே. கொடி ஏன் இன்னும் தெறந்து கெடக்கு?"

முதலில் புரியாமல் பார்த்தார். அப்புறம் அவர் கண்ணில் பழைய காய் கடை ஞாபகம் வந்ததைப் பார்த்தேன். டிரைவரைக் கூப்பிட்டார். கொடிக்கு உறை போடச் சொன்னார். டிரைவர் போட்டார். இவர் செருப்பைக் கழற்றினார், சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார், துண்டை வாங்கி இடுப்பில் கட்டினார்.

"சார்," என்றார் அதிகாரியிடம், "கவர்னருக்கு முன்னாடி யாரும் போகக்கூடாது, நீங்க சொன்னது சரி. இப்ப கவர்னர் இங்கிட்டு இல்ல. இவ வீட்டுக்காரன்தான் இருக்கேன். எனக்குக் கடைசிக்கு முந்தின எடம்."

அதிகாரி உறை போட்ட கொடியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அவருக்கும் விதி தெரியும். மெல்லத் தலையை ஆட்டினார். பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் மட்டும், நான் பக்கத்தை விட்டு நகர முடியாது என்றார். அதற்கென்ன என்று என் அண்ணன் அவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்தார். சட்டை இல்லாமல், வெறுங்காலோடு, குதிரைக்குக் கட்டின மூங்கிலில் இவருக்குப் பின்னால் அவரும் தோள் கொடுத்தார்.

அரண்மனைக் குதிரை கிளம்பியது. பின்னால் ஒவ்வொன்றாகக் கிளம்பின. தூக்கினால் கோயில் வரை தரையில் வைக்கக்கூடாது. கண்மாய்க் கரை ஏறும்போது இவர் கால் தடுமாறியது. பின்னால் இருந்தவர் நான் பார்த்துக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள் சார் என்று மெதுவாகச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன்.

"எக்ஸலன்ஸி, தோட்டத்துல இதவிட வேகமா நடந்தீங்களே."

"நீ வாய மூடிக்கிட்டு வா புள்ள," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. கோபத்தில் முழங்கால் நேரானது. கரை ஏறிவிட்டார்.

குதிரையை அய்யனார் முன்னால் இறக்கி வைத்தபோது அவர் தோளில் மூங்கில் தடம் சிவந்து கிடந்தது. விபூதியை எடுத்து அதில் பூசினேன். நான் வேண்டிக்கொண்ட அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்று, கடன் தீர்ந்துபோச்சு என்று மட்டும் அய்யனாரிடம் சொன்னேன்.

காரில் ஏறினோம். சட்டையை மாட்டிக்கொண்டார். டிரைவர் உறையைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும்ப்பா," என்றார். "தோளு வலிக்குது. கவர்னருக்கு வலிக்கக்கூடாது. கீரனூர் வரைக்கும் மூடியே இருக்கட்டும்."

திருச்சி ரோட்டில் எங்களுக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. கண்டக்டர் வெளியே தலையை நீட்டி, ஓரமாகப் போகச் சொல்லி விசில் ஊதினார். டிரைவர் திரும்பி இவர் முகத்தைப் பார்த்தார்.

"வழி விடுப்பா," என்றார் என் வீட்டுக்காரர். "அவங்களுக்கு டைம் ஆகுது."