பாதி மாடிக்குப் பொறுப்பு

உயரத்தில் நின்றால் தலை சுற்றும் என்பதையும் மீறி ஏணி ஏறியது. மூன்று முறை தோற்ற பிறகு கிடைத்த ஓட்டுநர் உரிமம். “பாப்பா, தள்ளி நில்லு” என்றவர்களின் வாயிலிருந்தே “மேஸ்திரி, இங்க கொஞ்சம் வந்து பாருங்க” என்ற அழைப்பு. இவையெல்லாம் என் தங்கை போராடிப் பெற்றவை. இப்போது அவள் செருப்பைக் கழற்றிக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்துவிட்டு, ஒரு கடைக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருக்கிறாள்.

ஒழுகுகிற கட்டடம் எதுவானாலும் அவள் வேலை இப்படித்தான் தொடங்கும். வெயில் ஏறுமுன் வந்துவிடுவாள். விரல்களைப் பரப்பி, தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிறவள்போல் அடியெடுத்து வைப்பாள். தளம் எங்கே உப்பியிருக்கிறது, எங்கே வாட்டம் தவறித் தண்ணீர் தேங்குகிறது என்பதெல்லாம் பாதத்துக்குத் தெரிந்துவிடுமாம். “கண்ணு ஏமாத்தும்க்கா. காலு ஏமாத்தாது.” சந்தேகம் வந்த இடத்தில் மண்டியிட்டு, ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக் காதைச் சாய்ப்பாள். அந்த நேரம் பார்த்து யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

பெயர்த்துப் பார்த்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவது இன்னொரு பழக்கம். “ஊர்ல இருக்கிற மாடியையெல்லாம் பேத்துக் கொண்டாந்து என் வாஷிங் மிஷின்ல போடுறா” என்று அம்மா கத்துவார். அவளோ ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இது பழைய தண்ணிம்மா, இந்த வருஷத்து மழை இல்ல” என்பாள். அம்மாவுக்குக் கோபம் இரட்டிப்பாகும்.

இத்தனை வருடமும் பெரிய ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் வேலை பார்த்தாள். பார்ப்பது இவள், சொல்வது அவர். இந்த ஆண்டுதான் தனியாக வந்தாள். தனியாகக் கிடைத்த முதல் கட்டடம் இது; துணைக்கு நானும் வந்திருந்தேன். இதில் பெயர் கெட்டால் அடுத்த கட்டடத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள்.

கீழே மருந்துக்கடை. மாடியில் புத்தகம் தைத்து அட்டை போடும் பைண்டிங் கூடம். மழை வந்தால் பைண்டர் காகிதக் கட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை ஓடுவாராம். “என் பொண்டாட்டியக்கூட இப்படித் தூக்கினதில்ல, மேஸ்திரி” என்றார். கட்டடத்தின் சொந்தக்காரர் அவசரக்காரர். “மேல ஒரு பூச்சு அடிச்சு விட்டுடும்மா. மழைக்கு முந்தி முடியணும். இனி ஒழுகினா நீதான் சரிபண்ணணும்னு முழு மாடிக்கும் பொறுப்பு எழுதிக் குடுத்துடணும், அவ்வளவுதான்.”

அவள் பழைய தார் ஷீட்டை அங்கங்கே சதுரமாக அறுத்துப் பார்த்தாள். வடக்குப் பக்கம் அடியில் காய்ந்திருந்தது. தெற்கில் கத்தி இறங்கியதும் ‘சளக்’ என்று தண்ணீர் மேலே வந்தது. அதன்மேல் பூச்சு அடித்தால் வெயிலில் கொப்புளம் கட்டி, அடுத்த மழையிலேயே பிளக்கும். எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தால் வேலை சுத்தமாக இருக்கும்; ஆனால் பைண்டர் முழுக் கூடத்தையும் காலிசெய்ய வேண்டும். தைத்து முடிக்காத புத்தகங்களோடு அவர் எங்கே போவார்?

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆழ்ந்து யோசிக்கும்போது பொத்தான்தான் அகப்படும். “முழுசாப் பேத்தா பைண்டர் நடுத்தெருவுல. முழுசாப் பூசினா நான் நடுத்தெருவுல” என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வடக்குப் பக்கம் மட்டும் மறுபடி ஒருமுறை நடந்துவிட்டு வந்தாள்.

மருந்துக்கடையின் பின்னறையில் வைத்துத் தன் முடிவைச் சொன்னாள். ஈரமான தெற்குப் பாதியைத் தளம் வரைக்கும் பெயர்த்து, காயவிட்டு, வாட்டம் திருத்திப் புதிதாகப் போடுவது. அதுவரை பைண்டர் தன் சாமான்களைக் கூடத்தின் வடக்குப் பாதிக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். வடக்கில் வெடிப்புகளை மட்டும் அடைத்துவிட்டு ஒரு மழைக்காலம் பார்ப்பது.

“சரி, அப்படியே செய். முழுசுக்கும் பொறுப்பு எழுதிக் குடு” என்றார் சொந்தக்காரர்.

“தெக்குப் பாதிக்குத் தரேங்க. வடக்குக்குத் தர முடியாது.”

“அதுவும் இதே மாடிதானேம்மா?”

“மாடி ஒண்ணுதாங்க. ஆனா அந்தத் தளத்த நான் போடல. போட்டவரு அடியில என்ன கலந்தாருன்னு தெரியாது. காலுக்கு நல்லாத்தான் இருக்கு. அதுக்காக அவரு வேலைக்கு நான் எப்படிங்க சத்தியம் பண்றது?”

“அப்ப முழுசுக்கும் தர்றவங்களாப் பாத்துக்கிறேன்.” அவர் போனை எடுத்துவிட்டார்.

பழைய முதலாளியாக இருந்தால் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருப்பார். என் தங்கை சொன்னதை மாற்றவில்லை.

வாசற்படியில் நின்ற பைண்டர்தான் பேசினார். “யாருக்குண்ணே போன் போடுறீங்க? போன தடவை முழுசுக்கும் எழுதிக் குடுத்தாரே, அவருக்கா? அதுக்கு முந்தி ஒருத்தர் குடுத்தாரே, அவருக்கா? ரெண்டு பேரும் போன எடுக்கவே மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. பாதிக்காவது ஒரு ஆளு நிக்கட்டுமே.”

சொந்தக்காரர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, “பாதிக்காச்சும் ஒழுங்கா நில்லும்மா” என்று ஒப்பந்தத் தாளை நகர்த்தினார்.

அதில் ‘முழு மாடிக்கும்’ என்று அச்சாகியிருந்த இடத்தை அடித்துவிட்டு, மேலே ‘தெற்குப் பாதிக்கு’ என்று எழுதினாள். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் இதுநாள்வரை அவளுடைய பழைய ஒப்பந்தக்காரர்தான் கையெழுத்துப் போட்டு வந்தார். அவள் பெருவிரலில் ஒட்டியிருந்த தாரைக் கால்சட்டையில் அழுந்தத் துடைத்தாள். அப்பாவின் முதலெழுத்து, ஒரு புள்ளி, பிறகு தன் பெயர். ஒவ்வோர் எழுத்தாக, பிரித்துப் படிக்கும்படி எழுதினாள். தலையை நிமிர்த்தாமலே “தேதி என்னக்கா?” என்று கேட்டாள்.

சொன்னேன்: ஜூன் பதினொன்று.