குழாய்க்கு வைத்த பொட்டு

அக்கா காமாலையில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அழுகை வராத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

அக்கா கோயமுத்தூரில் வேதியியல் ஆராய்ச்சி செய்தாள். நான் எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனவள். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால் எனக்குப் புரிகிற மாதிரி சொல்வாள்.

"உலோகத்தையும் கரியையும் ஒண்ணையொண்ணு புடிச்சுக்க வெக்கறன் கண்ணு. ரெண்டுக்கும் லேசுல ஒத்து வராது. காத்துப் பட்டாவே பிரிஞ்சு போயிரும்."

"எங்க சூப்பர்வைசரும் அவரு சம்சாரமும் மாதிரியாக்கா?"

"அதேதான்."

அவள் செய்த புதுப் பொருளில் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துக் காட்டினால்தான் டாக்டர் பட்டம். அதற்குக் கல்கண்டு மாதிரி முழுசாக ஒரு படிகம் வேண்டும். அவளுக்கு எப்போதும் மாவுதான் வந்தது. ஆய்வகத்தில் பம்பு ஓடி மேசை அதிர்வதுதான் காரணம் என்றாள். அந்த வருஷம் விட்டால் உதவித்தொகை நின்றுவிடும். அப்பா மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்.

ஆயுத பூஜை லீவுக்கு, காற்றுப் புகாமல் வாயை உருக்கி மூடிய கண்ணாடிக் குழாயை, வெந்நீர் பிளாஸ்கில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாள். உள்ளே காவி நிறத்தில் தண்ணீர் மாதிரி இருந்தது. அது மெல்ல ஆற வேண்டும், அசையக் கூடாது. அரிசி டிரம்முக்குள் புதைத்தாள்.

"அப்பறம் நான் சோறு எதுல பொங்கறது?" என்றாள் அம்மா.

"கடைல வாங்கிக்கலாம்மா. இதுல மட்டும் கை வெச்சுராதீங்க."

பூஜையன்று வேலை முடிந்து வந்தேன். சாமி படத்துக்கு முன்னால் என் கத்தரிக்கோல், அப்பாவின் ஸ்பேனர், நடுவில் அந்தக் குழாய். சந்தனம், குங்குமம் வைத்திருந்தது. அடியில் மாவு படிந்திருந்தது.

"எல்லாரும் அவங்கவங்க மிஷினுக்குப் பொட்டு வெக்கறாங்க. எம்புள்ளயோடதுக்கு ஆரு வெக்கறது?" என்றாள் அம்மா.

அக்கா குழாயைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பொட்டு அம்சமா இருக்குதும்மா," என்றாள்.

இரவு என்னிடம் மட்டும் சொன்னாள், "இது வீணாப்போச்சுன்னு அம்மாகிட்டச் சொல்லீராத."

தீபாவளிக்கு இன்னொரு குழாய் கொண்டுவந்தாள். தீபாவளி என்றால் திருப்பூரில் கம்பெனிகள் எல்லாம் மூடிவிடும். வேலைக்கு வந்த தெக்கத்திக்காரர்கள் மூட்டை கட்டி ஊருக்குப் போய்விடுவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த நிட்டிங் கம்பெனியும் நின்றது, தரை அதிர்வதும் நின்றது. வீட்டில் தட்டு வைத்தால்கூட அந்தச் சத்தம் கேட்டது. அம்மாவின் கவனத்தைத் திருப்ப அக்கா தன் பேனாவைப் பூஜையில் வைக்கச் சொல்லிவிட்டாள். பட்டாசை நான் தெருக்கோடிக்குப் போய் வெடித்தேன்.

கம்பெனிகள் திறக்கும் முந்தின நாள் அரிசியை ஒதுக்கினாள். குழாயின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில், உளுந்தளவு, செங்கல் மாதிரி மூலைகளோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. அக்கா என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

என்னையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். "இதை எங்க வெச்சும்மா வளர்த்தின?" என்று கேட்டார் அவளுடைய சார்.

"எங்கூட்டு அரிசி டிரம்முலீங்க சார்."

அவர் வெகுநேரம் சிரித்தார். "தீசிஸ்ல அப்படியே எழுதீராத." என்னை உட்காரவைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினார். படிக்காதவள் என்று ஒதுக்கவில்லை. அதற்கு அவருக்கு நன்றி.

அக்கா டாக்டரானாள். பிறகும் அதே வேலைதான், உலோகம் மட்டும் மாறியது. அவள் போன பிறகு ஆய்வகத்திலிருந்து அவளுடைய சாமான்களைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் அந்தப் பழைய குழாயும் இருந்தது. மாவு அடியில் அப்படியே கிடந்தது. குங்குமம் கறுத்திருந்தது. இத்தனை வருஷம் அவள் அதைத் துடைக்கவே இல்லை.

இந்த ஆயுத பூஜைக்கு அம்மா அதை எடுத்துவைத்தாள்.

"இதுலதான உங்கக்கா டாக்டரானா?"

"ஆமாம்மா," என்றேன்.

அம்மா பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தாள்.