இருட்டறையில் கிருமியம்மா

கதவைச் சாத்தி, அடியில் பழைய துண்டைத் திணித்து, சாவித் துவாரத்தைப் பஞ்சால் அடைத்து, அப்புறம்தான் கிருமியம்மா விளக்கை அணைக்கிறார். காலிக் குப்பிகளும் அட்டைப்பெட்டிகளும் அடைந்து கிடக்கும் அந்தச் சாமான் அறையில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். இருட்டு கண்ணுக்குப் பழகும்வரை, மூடி போட்ட வட்டத் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார். "ஒண்ணும் அவசரமில்ல. மெதுவாவே காட்டு," என்று தட்டுகளோடு பேச்சு வேறு. தாழ்வாரத்தில் போகும் ஆராய்ச்சி மாணவர்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள்.

தட்டில் வளர்வது, இறால் குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் ஒரு பாக்டீரியா. வெளிச்சத்தில் பார்த்தால் பசை சிந்திக் காய்ந்த மாதிரி சாதுவாக இருக்கும். இருட்டில்தான் சுயரூபம் தெரியும். நீலமும் பச்சையுமாக ஒளிரும். அந்த ஒளியை அளக்க மாடியில் ஒரு கருவியே வாங்கி வைத்திருக்கிறார்கள். இவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. "அது நம்பர் சொல்லும். எனக்கு நம்பர் வேணாம், அதோட மூஞ்சியப் பாக்கணும்," என்பார். முப்பது வருஷமாகப் பார்க்கிற மூஞ்சிதான். இன்றைக்கும் அது தெரிந்தால் உடம்பு சிலிர்த்துப் போகிறது. இன்னுமா பழகவில்லை என்று கேட்டால், "பழகிட்டா வேலைய விட்டுடணும்," என்று பதில் வரும்.

பண்ணைக்காரர்கள் வைத்த பெயர்தான் கிருமியம்மா. குளத்தில் மீனோ இறாலோ செத்து மிதந்தால்தான் அவரைக் கூப்பிடுவார்கள். அதனால் அவருடைய கார் ஒரு பண்ணை வாசலில் நின்றாலே போதும், அக்கம்பக்கத்துக்காரர்கள் தங்கள் குளத்தைப் பார்க்க ஓடுவார்கள். வியாபாரிகள் வந்த வழியே திரும்பிவிடுவார்கள். பாவம், பண்ணைக்காரர் பிழைப்பைக் கெடுப்பானேன் என்று காரைப் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடந்தே போவார். ஒரு காவலாளி, "குச்சி ஐஸ் இருக்கா?" என்று கேட்டதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

வீட்டுக்கு ஒரு செருப்பு, ஆய்வகத்துக்கு ஒன்று, பண்ணைக்கு ஒன்று. ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழக் கூடாது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கும் கணவர், "எங்க வீட்ல செருப்புக்குக் குடுக்கிற மரியாதைய எனக்குக் குடுத்தா போதும்," என்பார். ஒருமுறை மீன் கழுவும்போது முள் குத்தி அவர் விரல் லேசாகச் சிவந்தது. அம்மையார் பேனாவை எடுத்துச் சிவப்பைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டு, சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டுகிறதா என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என் விரலுக்கு எல்லைக்கோடு போட்டவ உலகத்திலேயே இவ ஒருத்திதான்!" கணவர் சிரித்தார். கிருமியம்மாவுக்குச் சிரிப்பே வரவில்லை. அந்தச் சிவப்பு எதுவரை போகக்கூடும் என்று அவருக்குத்தானே தெரியும்?

இந்தக் கோடையில் அவர் கைக்கு வந்தது ஒரு தனிப் பிறவி. நோய் வந்த ஒரு பண்ணையில் கண்ட மருந்தையும் மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். அத்தனையையும் தின்று தேறி வந்த பாக்டீரியா அது. தட்டில் அதைப் பரப்பி, மேலே மருந்தில் தோய்த்த சின்னக் காகித வில்லைகளை வரிசையாக வைப்பார். எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து ஒரு வளையம் விழும். இதற்கு ஒரே ஒரு வளையம்தான் விழுந்தது. மற்ற மருந்துகளை அது மதிக்கவே இல்லை. அதற்கு 'அடங்காப்பிடாரி' என்று பெயர் வைத்தார். மாணவர்களை மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் கழற்ற வைத்துவிட்டுத்தான் அந்த மேஜையருகே விடுவார். தன்னுடைய தோல்வார்க் கைக்கடிகாரம் மட்டும் அவர் கண்ணில் படவே இல்லை. கையோடு பிறந்தது போல ஆகிவிட்ட பொருள் யார் கண்ணில் படுகிறது?

அவருடைய தம்பி இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துகிறார். அதற்குள் அக்கா காலடி வைத்ததே இல்லை. "என் கால்ல என்னென்ன ஒட்டியிருக்கோ, எனக்கே தெரியாதுடா," என்று வாசலோடு திரும்பிவிடுவார். தம்பி மனைவிக்கு அது தீராத குறை. "வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராம போற ஒரே சொந்தம் நீங்கதான் அண்ணி." சென்ற வாரம் புதுக் கூடம் கட்டித் திறந்தபோது இந்தப் பேச்சுக்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை. தலைக்குக் குளித்து, புத்தம்புது உடையும் செருப்பும் போட்டுக்கொண்டு, கைப்பையைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

தம்பி பெருமை பொங்க ஒவ்வொரு தொட்டியாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஒரு தொட்டியருகே அவர் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கிருமியம்மாவின் கை பேசாமல் தண்ணீருக்குள் போனது. தொட்டியைக் கண்டால் சூடு எவ்வளவு என்று கை விட்டுப் பார்ப்பது அவர் தொழில். கைக்கு வேறு எதுவும் தெரியாது. வெளியே எடுத்தபோது கடிகாரத் தோல்வாரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் அடங்காப்பிடாரியின் மேஜை மேல் இருந்த அதே கை, அதே வார். ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். கொடுத்த காபியைக் குடித்தார். வீடு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றி ஒரு உறையில் போட்டுக் கட்டினார்.

நான்காம் நாள் தம்பியிடமிருந்து போன். "அக்கா, குஞ்சு எதுவும் தீனி எடுக்கல. அடியிலேயே சுருண்டு கெடக்குது. எல்லாம் அந்தத் தண்ணி வடிகட்டுற பெரியவர் பண்ண வேலை. வடிகட்டியக் கழுவியிருக்க மாட்டாரு. நாளையோட வர வேணாம்னு சொல்லப் போறேன்." தொட்டித் தண்ணீர் குப்பியில் வந்து சேர்ந்தது. அதைத் தட்டில் பரப்பி வில்லைகளை வைத்தார். பக்கத்தில் அடங்காப்பிடாரிக்கு ஒரு தட்டு. பிறகு, யாரும் இல்லாத நேரம் பார்த்து, உறையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அதன் வாரை மூன்றாவது தட்டில் அழுத்தி எடுத்தார்.

மறுநாள் காலை அந்த மூன்று தட்டுகளோடுதான் இருட்டறையில் நிற்கிறார். வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருக்கிறார். அவர் ஷூ தரையைத் தட்டிக்கொண்டே இருப்பது கேட்கிறது. மூஞ்சியைக் காட்டு என்று கேட்கிற கிருமியம்மா, இன்று காட்டிவிடாதே என்று மனசுக்குள் கெஞ்சினார்.

மூன்றும் ஒளிர்ந்தன.

தம்பியின் தட்டில் ஒரே ஒரு கறுப்பு வளையம். அடங்காப்பிடாரியின் தட்டிலும் அதே இடத்தில் அதே வளையம். கடல் தண்ணீரில் வந்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். மறுக்கத் தெரிந்தவர் கிருமியம்மா ஒருவர்தான். சரியாக வடிகட்டவில்லை என்று பெரியவர் வேலை போகும், அவ்வளவுதான். உண்மையைச் சொல்லாவிட்டால் தம்பி தம்பியாகவே இருப்பான். கூடப் பிறந்தவன் என்று அவருக்கு இருப்பது அவன் ஒருவன்தான். இத்தனை வருஷத்தில் எந்தக் கிருமிக்கும் அவர் இப்படிப் பயந்ததில்லை.

துண்டைக் காலால் தள்ளிக் கதவைத் திறந்தார். "உள்ள வா."

மறுபடி இருட்டு. தம்பியின் மூச்சு காதருகே கேட்டது. "என்னக்கா இது, மின்மினிப் பூச்சி மாதிரி..."

"இது உன் தொட்டி. இது நான் இங்க பூட்டி வெச்சிருக்கிறது. ரெண்டுலயும் ஒரே வளையம், பாத்தியா? இந்த மாதிரி வேற எங்கயும் நான் பாத்ததில்ல."

"இங்க பூட்டி வெச்சிருக்கிறது அங்க எப்படி வந்துச்சு? யாரு கொண்டு வந்தா?"

மூன்றாவது தட்டைத் தம்பியின் முகத்துக்கு நேரே பிடித்தார். பட்டையாக ஒரு ஒளிக்கோடு. நடுவே வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஓரத்தில் ஊசி குத்திய தையல்கூடத் தெரிந்தது.

"வாட்ச்," என்றார் தம்பி.

"அன்னிக்குக் கைய விட்டேன்ல. நான்தான்டா." அதே மூச்சில் அடுத்த வேலையைச் சொன்னார். "எல்லாத் தொட்டியிலயும் குளோரின் போட்டுடு. அப்புறம்தான் தண்ணியத் திறந்து விடணும். பாவம் பாத்து ஒரு குஞ்சக்கூட மிச்சம் வெச்சிடாத."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

விளக்கைப் போட்டார். தம்பி அவரைப் பார்க்கவில்லை. போனை எடுத்து, "பெரியவரே, நாளைக்கு எப்பவும் போல வந்துடுங்க," என்றார். "உங்க மேல தப்பில்ல." அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அப்புறம் சொல்றேன்," என்று வைத்துவிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் திரண்டு நின்றது.

அதைப் பார்த்ததும் கிருமியம்மா தம்பியின் தோளைத் தொடக் கையை நீட்டினார். தம்பி சட்டென்று பின்னால் நகர்ந்தார். அட்டைப்பெட்டிகள் சரிந்து விழுந்தன. தான் நகர்ந்ததே அவருக்குத் தெரியாது. விழுந்த பெட்டிகளைத்தான் திகைத்துப் பார்த்தார். கிருமியம்மா நீட்டிய கையை இழுத்து வெள்ளைக் கோட்டின் பைக்குள் விட்டுக்கொண்டார். தம்பி படியிறங்கிப் போய், வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அதை வெளியே எடுக்கவில்லை.