அலைதாடியில் இருந்த தழும்பு

பசுவின் கழுத்துக்குக் கீழே தொங்கும் தோலைத் தொட்டிருக்கிறீர்களா? மெத்தென்று, பழைய வேட்டித் துணி மாதிரி இருக்கும்... அங்கே சொறிந்துவிட்டால் எங்கள் செவலை தலையைத் தூக்கிக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் இருந்தோம். எனக்குப் பதினாலு வயது. ஏழாவதோடு படிப்பு நின்றுவிட்டது. வெளியாள் முன்னால் வாயே திறக்கமாட்டேன்.

ஒருநாள் காலை செவலை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. தெருவில் திரியும் மாடுகளை அடைக்கும் பவுண்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்பா கடலூர் துறைமுகத்தில் வேலைக்குப் போயிருந்தார். அம்மா பிள்ளை பெற்றுப் பத்து நாள், பால் சுரக்கவில்லை. தம்பிக்குச் செவலையின் பால்தான்.

நான்தான் போனேன்.

அங்கே குறிஞ்சிப்பாடிக்காரர் ஒருவர் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தைக்கு ஓட்டிவந்த மாட்டைத் தொலைத்தவராம்.

"எம்மாடுதாங்க. செவப்பு, நெத்தியில வெள்ளை."

எல்லாம் செவலைக்கும் பொருந்தியது.

"நீ என்னா அடையாளம் சொல்ற பாப்பா?" என்றார் பவுண்டு குமாஸ்தா.

குரல் வரவில்லை... அழுகைதான் வந்தது.

"எழுதவாவது தெரியுமா?" காகிதத்தை நீட்டினார்.

'கழுத்துக்கடியில் தொங்கும் தோலில், இரண்டாவது மடிப்புக்குள் முள்கம்பி கிழித்த தழும்பு' என்று எழுதினேன். அந்த இடத்துக்குப் பேர் தெரியவில்லை.

குமாஸ்தா உரக்கப் படித்தார்.

"தோலாம், தோலு! எல்லா மாட்டுக்குந்தான் தொங்குது" என்று சிரித்தார் அந்த ஆள்.

"சும்மா இருய்யா. அதுக்குப் பேரு அலைதாடி. நடக்கையில தாடியாட்டம் அலையுதுல்ல, அதான்." குமாஸ்தா சொல்லிக்கொண்டே மடிப்பை விரித்தார்.

தழும்பு இருந்தது.

குறிஞ்சிப்பாடிக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. கயிற்றை என்னிடம் கொடுத்தார். "அப்ப எம்மாடு எங்கதான் போச்சு? மூணு நாளா தேடுறனே..." முழங்கால் வரை சேறு அவருக்கு.

வீட்டுக்கு வரும் வழியில், குளத்தங்கரையில் ஒரு சிவப்பு மாடு தனியாக மேய்ந்துகொண்டிருந்தது. நெற்றியில் வெள்ளை.

நின்றேன். திரும்பிப் போனால் பேசவேண்டும். மறுபடி செவலையைக் கேட்டுவிட்டால்? தம்பி அங்கே பசியில் கத்திக்கொண்டிருப்பான்... வேகமாக வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

இப்போது பாக்கெட் பால். எந்த வார்த்தைக்கும் பேத்தி போனிலேயே அர்த்தம் பார்த்துவிடுகிறாள். எனக்கும் கூச்சமெல்லாம் போய், ஊருக்கே எழுதுகிறேன்.

"மாமா, ஒங்க மாடு அங்க நிக்குது"... இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது.