உப்புத் தண்ணீருக்கு ஆகிற செடிகள்

தெருவில் தோட்டக் குழுவை ஆரம்பித்து வைத்தவர் அவளுடைய கணவர்தான். அதே குழுவில் இருந்த தையல்காரியோடு அவர் ஊரைவிட்டுப் போனபோது, தெருவே இவள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டது. இவளோ மறுநாளும் வழக்கம்போல மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போய், ஈர விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். வாய்விட்டு அழுதால் மனசு லேசாகும் என்று கூட வேலை செய்தவள் சொன்னாள். முயன்று பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

குழு கூடுவது அவள் வீட்டு முற்றத்தில். ஓய்வுபெற்ற தபால்காரர் வாசலுக்கு வெளியே நின்றபடியே, இனிக் கூட்டத்தை வேறெங்காவது வைத்துக்கொள்வதாக மென்று விழுங்கினார்.

"இங்கயே நடத்துங்க அண்ணே, நிழல் இருக்குல்ல," என்றாள். வேறு காரணம் அவளுக்கே தெரியவில்லை.

வந்தார்கள். அவள் கணவரைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. உரம், பூச்சி, மண் என்றே பேசிக் கலைந்தார்கள். அவள் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் ஆசை ஆசையாய் வைத்த ரோஜாக்கள் சுவரோரம் கருகி நின்றன. அந்தத் தெருவில் எந்தக் குழாயைத் திறந்தாலும் உப்புத் தண்ணீர். பக்கத்துத் தெருவிலிருந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து ஊற்றித்தான் அவற்றின் உயிரைப் பிடித்து வைத்திருந்தார். பாதி வாளிகளைச் சுமந்தது இவள்.

"ஏம்மா, இது இனித் தேறாது. எடுத்துடலாமா?" என்றார் தபால்காரர்.

"எடுத்துடுங்க."

எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. கடைசிச் செடியை அவளே இழுத்துப் பிடுங்கினாள். கட்டைவிரலில் முள் ஏறி ரத்தம் வந்தது. யாருடைய விரலோ போல அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உப்புக்கும் வெயிலுக்கும் அசராத கற்றாழை, காகிதப்பூ, அரளி என்று முடிவானது. அரளி விஷமாயிற்றே, பிள்ளைகள் வந்துபோகிற முற்றமாயிற்றே என்று எதிர்வீட்டுப் பல் டாக்டர் இழுத்தார். அரளி பின்சுவருக்குப் போனது.

ஒருநாள் மாலை கணவர் போனில் அழைத்தார். சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்றெல்லாம் இல்லை.

"ரோஜா எப்படி இருக்கு?"

"பிடுங்கியாச்சு."

"யாரைக் கேட்டுப் பிடுங்கின?"

"என்னைத்தான் கேட்டாங்க," என்றாள். கோபம் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அவர் வேறு ஏதோ சொல்ல ஆரம்பிக்கும்போதே போனை வைத்துவிட்டு, போய்க் கற்றாழைக்குத் தண்ணீர் விட்டாள். அன்று காலையும் விட்டிருந்தாள், முந்தின நாளும் விட்டிருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் முதல்முறையாக அவள் வாயைத் திறந்தாள். கற்றாழை ஏன் மஞ்சளாகிக் குழைகிறது என்று கேட்டாள். தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிவிட்டது என்றார்கள். ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள், தங்களுக்குள் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். அழுகினதைத் தோண்டி எறிந்துவிட்டு, மணல் கலந்து புதுக் கன்று வைத்தாள். மதியம் கை கழுவும்போது அவளுக்கு நன்றாகப் பசித்தது.