கண்ண எங்க வெக்கிறது?

எனக்கு ஏரோப்ளேன மேல ஏத்தத் தெரியும். எறக்கத்தான் வராது. "ஏத்திட்டா தானா எறங்கிடாதா?"ன்னு எங்க வீட்டுக்காரரே கேட்டாரு. எறங்கும். எப்படி எறங்கும்கறதுதான பேச்சே.

ட்ரெய்னிங் மகாராஷ்டிராவுல. ரெண்டு பேரு உக்கார்ற குட்டி விமானம். இடது சீட்டுல நான், வலது சீட்டுல சொல்லிக் குடுக்குற சார். ரன்வேக்கு நேரா வந்து, தரையத் தொடப் போற சமயத்துல மூக்க லேசாத் தூக்கிப் புடிக்கணும். அப்ப வேகம் கொறைஞ்சு சக்கரம் பதமா உக்காரும். எப்பத் தூக்கறது? அங்கதான் இருக்கு வித்தை. நான் சீக்கிரம் தூக்கினா அந்தரத்துலயே நின்னு தொப்புன்னு விழும். லேட்டாத் தூக்கினா பந்து மாதிரி குதிக்கும். என்கூட சேந்தவங்க எல்லாம் தனியாப் பறந்தாச்சு. நான் மட்டும் சாரோட இடுப்ப ஒடிச்சிக்கிட்டிருந்தேன்.

மழைக்காலத்து லீவு விட்டப்ப சார் கூப்ட்டாரு. "நீ மூக்குக்கு அடியில இருக்கற தரையப் பாக்குற. ரன்வே முடியற எடத்தப் பாரு. ரெண்டு பக்கமும் தரை எழும்பி வர்றது ஓரக்கண்ணுல தெரியும். ஒசரத்த அதுதான் சொல்லும்." இத ஆயிரம் தடவ சொல்லிட்டாரு. அடுத்து சொன்னதுதான் புதுசு. "லீவு முடிஞ்சு வந்தும் இப்படியேன்னா, உன்ன நிறுத்திடச் சொல்றதத் தவிர வழியில்ல. எல்லாருக்கும் இது அமையறதில்லம்மா." கோவமா சொல்லியிருந்தாலாவது தேவல. பாவம் பாத்து சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

கடலூருக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு சிப்காட்ல ஷிஃப்ட் வேலை. நான் பைலட் ஆவணும்னு என்னவிட அவருக்குத்தான் வெறி ஜாஸ்தி. "கல்யாணமான பொண்ணுக்கு வானத்துல என்ன வேலை?"ன்னு அவரு சொந்தக்காரங்க கேட்டப்ப, எனக்காக ஒத்த ஆளா நின்னு மல்லுக்கட்டினவரு. அவருகிட்டப் போயி எனக்கு வரலன்னு எந்த வாயால சொல்றது? சொல்லல. சோறு எறங்கல, அவ்ளோதான்.

தூரத்தப் பாக்கறது அப்படி என்ன கம்பசூத்திரம்னு ராப்பகலா யோசிச்சேன். நமக்கு கம்பசூத்திரம்தான். என்னப் பொண்ணு பாக்க வந்தப்ப சிதம்பரத்துல எங்க அத்தை பெருமையா சொன்னது இதுதான்: "எங்க பொண்ணு குனிஞ்ச தல நிமிராது." நிமிந்தா குழியில விழுவேனே அத்தை! எங்க ஊரு ரோட்டுல வளந்த கண்ணு இது. வண்டியில போனா முன் சக்கரத்துக்கு அடுத்தாப்ல குழியா, கல்லா, நாயான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். நடந்து போனாலும் அப்படித்தான். எவன் பாக்குறான்னு கூட நிமிந்து பாக்காம நடந்தாதான் நல்ல பொண்ணு. ரன்வேயில குழி ஏது? இல்லாத குழிக்கு நான் ஒதுங்கிக்கிட்டிருந்திருக்கேன்.

அந்த வாரம் சிதம்பரத்துக்கு அம்மாவப் பாக்க ஸ்கூட்டியில கெளம்பினோம். நான் ஓட்டுறேன், மாமா பின்னாடி. வீட்டுக்காரர நான் மாமான்னுதான் கூப்புடுவேன். பெரிய ரோட்ட விட்டு கிராமத்து ரோட்டுல திரும்பினா, புதுசாத் தார் போட்டு வழுவழுன்னு கெடந்துச்சு. சரி, இங்க பாத்துப் பழகுவோம்னு, ரோடு முடியற எடத்துல இருந்த புளியமரத்துல கண்ண வெச்சேன். மொதல்ல பயமா இருந்துச்சு. கொஞ்ச நேரத்துல ரோட்டோட ரெண்டு ஓரமும் அகலமாகி, மேல எழும்பி வர்ற மாதிரி தெரிஞ்சுது. ஐயோ, இதத்தான சொன்னாரு மனுஷன்!

"முன்னாடி பாருடி!"ன்னு மாமா கத்தினாரு.

"முன்னாடிதான பாக்குறேன்!"

வண்டி சரசரன்னு எள்ளுச் செடிக்குள்ள பூந்து சாஞ்சுது. வண்டிங்க ஏறி மெதிக்கட்டும்னு ரோட்டுல பரப்பி வெச்சிருந்தாங்க. அடி ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் எள்ளுல உக்காந்திருந்தோம். வயக்காட்டு அம்மா ஒருத்தவங்க ஓடியாந்தாங்க. "கண்ண எங்க வெச்சிக்கிட்டு ஓட்டுற? ஆகாசத்தப் பாத்துக்கிட்டா?"

"ஆமாங்க, அதத்தான் படிக்கிறா"ன்னாரு மாமா.

"அதுக்கு எங்க எள்ளுதான் கெடச்சுதா?"

அவரு சிரிச்சாரு. எனக்கு அழுகை வெடிச்சிடுச்சு. அந்தம்மா பயந்தே போயிட்டாங்க. எல்லாத்தையும் கொட்டினேன். "எனக்கு எறக்க வரல மாமா. திருப்பி அனுப்பிடுவாங்க." அவரு என் தலையில ஒட்டியிருந்த எள்ளத் தட்டி விட்டுக்கிட்டே, "அனுப்பிட்டா வந்துட்டுப் போ. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்"னாரு. அவரும் பாவம் பாக்குறாரு! "யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேணாம், எந்திரி மாமா"ன்னு கத்திட்டு வண்டியத் தூக்கினேன். மிச்ச தூரத்த அவருதான் ஓட்டினாரு. நான் பின்னாடி உக்காந்து, அவரு தோளுக்கு மேலாப்ல, ரோடு முடியற எடத்தையே பாத்துக்கிட்டு வந்தேன்.

லீவு முடிஞ்சு போயி, சாரோட திரும்பவும் பறந்தேன். மொத நாளு குதிச்சுது. அப்புறம் குதிக்கிறது கொறைஞ்சுது. ஒரு நாள் காலையில, சும்மா ரெண்டு மூணு சுத்து வந்து எறங்கினதும் ஓரமா நிறுத்தச் சொன்னாரு. எஞ்சின் ஓடிக்கிட்டிருக்கு. பெல்ட்டக் கழட்டி, கதவத் தொறந்து, எறங்கிட்டாரு. "ஒரு சுத்து போயிட்டு வா." அவ்ளோதான். நடந்து போயிட்டாரு.

அவரு பாரம் இல்லாத விமானம் துள்ளிக்கிட்டு மேல போச்சு. திரும்பி ரன்வேக்கு நேரா வந்தேன். கண்ணு கீழ எறங்கப் பாத்துச்சு. இழுத்துப் புடிச்சு ரன்வே முடியற எடத்துல வெச்சேன். ரெண்டு பக்கமும் தரை மெல்ல எழும்பி வந்துச்சு. மூக்கத் தூக்கிப் புடிச்சேன். வழக்கமா வர்ற அந்த இடிக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். வரல. இன்னும் வரல.

"சார், எறங்கிட்டோமா?"ன்னு கேட்டேன்.

காலி சீட்டு. விமானம் ரன்வேயில ஓடிக்கிட்டிருக்கு. ஆமா இல்லன்னு சொல்ல அங்க ஒருத்தரும் இல்ல.

"எறங்கிட்டடி கழுத!"ன்னு நானே சத்தம் போட்டு சொல்லி, ஓன்னு அழுதேன்.