நீல ஓரத்து ஐந்நூறு

என் தங்கையின் கணவருக்கு நான் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கியதல்ல. அவர் சம்பளத்திலிருந்து நானே பிடித்துக்கொண்டது. பிடித்த அன்று அது என் பணம் என்று சத்தியமே செய்திருப்பேன். ஐந்து நாளுக்குள் அது அவர் பணம் என்று தெரிந்துபோயிற்று. நாலாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பஸ் கழுவ வந்தவன், கழுவிய பஸ்ஸையே விலைக்கு வாங்கியவன். இன்றைக்கு மூன்று பஸ். மூன்றுக்கும் தவணை ஒரு நாள் பிந்தியதில்லை. என் தலையில் ஒரு கடன் இருந்தது என்று வேறு எவனும் சொல்லக் கூடாது. சொன்னால் நானே சொல்ல வேண்டும்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றி. எங்கள் லைனில் அவருக்குப் பெயர் ‘மடிப்பு’. கண்டக்டர் ஆவதற்கு முன் ஆறு வருஷம் ஓர் அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்தார். எட்டுப் பக்கத் தாளை மூன்று தட்டில் மடித்துப் போட்டுவிடுவார். முனைக்கு முனை மயிரிழை விலகாது. அச்சகம் மூடிய பிறகு பையைக் கழுத்தில் மாட்டினார். இருபத்திரண்டு வருஷம், ஒரே பஸ், ஒரே லைன். மற்ற கண்டக்டர்கள் விரலை நாக்கில் தொட்டு டிக்கெட் கிழிப்பார்கள். இவர் பையோடு ஒரு சின்ன டப்பா கட்டி, அதில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார். சில்லறை இல்லையென்றால் பாக்கியை டிக்கெட்டின் முதுகில் எழுதிக் கொடுப்பார். மறுநாள் பயணி மறந்தாலும் இவர் மறக்கமாட்டார். ஒரு தடவை ஒரு ஆள் இரண்டு வருஷம் வெளிநாடு போய்விட்டுத் திரும்பி ஏறினான். “பதினஞ்சு பாக்கி” என்று நீட்டினார் மனுஷர். அந்த ஆள் பயந்து பின்பக்கமாக இறங்கிவிட்டான்.

கண்டக்டர் நோட்டுப் பிடிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீளவாக்கில் இரண்டாக மடித்து, படம் உள்ளே போக, முதுகு வெளியே தெரிய, இடது கை விரல் இடுக்கில் செருகிக்கொள்வார்கள். விரலுக்கு மேலே தெரிவது ஓரம் மட்டும். கட்டைவிரல் டிக்கெட் புத்தகத்துக்கு வேண்டும். ஆக, இடுக்கு மூன்று. நோட்டோ நான்கு வகை. பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று. எப்போதாவது வருகிற ஐந்நூறை ஐம்பதின் முதுகில் செருகிவிடுவது தொழில் வழக்கம். ஐம்பது நீலம், ஐந்நூறு செங்கல் நிறம். இரண்டையும் குருடன்தான் மாற்றி எடுப்பான். நானும் பதினோரு வருஷம் இப்படித்தான் பிடித்தேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, கையைப் பார்க்காமலே மிச்சம் கொடுத்தவன். கண்ணின் கடைசி மூலையில் நிறம் பட்டால் போதும், விரல் தானாக இழுக்கும்.

அப்படி இருக்கையில்தான் ஐந்நூறை மாற்றினார்கள்.

புது நோட்டு வந்த முதல் வாரம் ஜனங்கள் அடித்த கூத்தை நான் பஸ் ஸ்டாண்டில் நாற்காலி போட்டுப் பார்த்தேன். ஒருவன் மிட்டாய்த் தாள் என்றான். ஒருவன், பழைய நோட்டைத் துவைத்துக் காயப்போட்டதில் சுருங்கிவிட்டது என்றான். முகச்சவரக் கடைக்காரர் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துண்டில் தேய்த்துப் பார்த்தார். துண்டில் ஏற்கெனவே இருந்த சாயத்தைக் காட்டி “பாருங்க, போகுது” என்றார். காபிக்கடையில் ஒரு மேதை, நோட்டுக்குள் கம்பி இருக்கிறது, அது நாம் எங்கே போகிறோம் என்று மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும் என்றார். அவர் போகிற இடமே வீடும் காபிக்கடையும்தான். மேலிடத்துக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சண்டை அதில் போட்டிருந்த பறவையைப் பற்றி. கொக்கா, நாரையா? கால் ஒன்றா, இரண்டா? படித்த பயணிகள் மூன்று ஸ்டாப் தாண்டி இறங்குகிற அளவுக்குச் சண்டை போட்டார்கள். டைம் கீப்பர், தன் அறை ஜன்னலில் உட்கார்ந்துகொண்டு, அது கோழி என்று தீர்ப்பு சொன்னார். பணத்தில் கொக்கு இருந்தால் என்ன, கோழி இருந்தால் என்ன? முட்டையா போடப்போகிறது? இத்தனை பேரும் பறவையின் காலை எண்ணினார்களே தவிர, ஒருவனாவது நோட்டைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தானா? இல்லை. அதற்கு ஒரு நாலாம் வகுப்பு வரவேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வாரத்திலிருந்து மாப்பிள்ளையின் வசூல் உதைக்க ஆரம்பித்தது. டிக்கெட் கணக்கு ஒன்று, பையில் இருக்கும் பணம் ஒன்று. ஒரு நாள் நானூற்றைம்பது குறைவு. மறுநாள் தொள்ளாயிரம். ஒரு நாள் சரியாக இருக்கும், அடுத்த நாள் மறுபடி நானூற்றைம்பது. மற்ற இரண்டு பஸ்ஸும் டவுன் லைன். அதில் ஐந்நூறு நோட்டை எவனும் நீட்டமாட்டான், அங்கே ஒரு குறையும் இல்லை. ஒன்பது நாளில் மொத்தம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. எல்லாம் நானூற்றைம்பதின் மடங்கு, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அந்த பஸ்ஸில் தினமும் ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். அவருக்கு இரண்டு தடவை மிச்சம் அதிகமாகப் போயிருக்கும் என்று இப்போது எனக்கு நிச்சயம். அவர் வாயைத் திறந்தாரா?

பத்தாம் நாள் சம்பள நாள். டைம் கீப்பர் ஜன்னலுக்கு முன்னால், டிரைவர்களும் பயணிகளும் நிற்க, மாப்பிள்ளையின் சம்பளத்தை எண்ணி, குறைந்ததைப் பிடித்துக்கொண்டு மீதியை நீட்டினேன்.

“இது குறையுதே மச்சான்.”

“பையில குறைஞ்சா இங்கயும் குறையும்.”

“எங்க போகுதுன்னு எனக்கும் தெரியலை. தினம் ரெண்டு தடவை எண்ணுறேன்.”

“எண்ணுறது வேற, எடுக்கிறது வேற. வீட்டுக்கு வேணும்னா கேட்டு எடுத்துட்டுப் போ. கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் வேற.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவரை ‘நீ’ என்று அழைத்தது அன்றுதான். அவர் பையைக் கழற்றினார். டிக்கெட் புத்தகம், ஈரப் பஞ்சு டப்பா, பென்சில் மூன்றையும் ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தார். “சரி பாத்துக்குங்க” என்று டைம் கீப்பரிடம் சொல்லிவிட்டு நடந்தார். கூட்டத்தில் எவனோ, “மடிப்பு நல்லா மடிச்சிருக்காருப்பா” என்றான். சிரித்தார்கள். ஒன்பது நாளாக அவர் கையிலிருந்து அதிகப் பணம் வாங்கிப் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியும்.

மறுநாள் தங்கை போனில் வந்தாள். “அண்ணே, வீட்டுக்காரர் வாடகைக்கு வாசல்ல நிக்கிறார். அது போகட்டும். இவர் காலையிலேருந்து வெளிய போகமாட்டேங்கிறார். தெருவுல ஒரு பய ‘மடிப்பு’ன்னு கூப்பிட்டுச் சிரிச்சானாம். இருபத்திரண்டு வருஷமா கேட்ட பேரு, இப்ப காதுல ஈயத்த ஊத்துற மாதிரி இருக்காம். உனக்குச் சந்தோஷம்தானே?”

நான் போனை வைத்துவிட்டேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

புதுக் கண்டக்டர் கிடைக்கும்வரை நானே பையை மாட்டினேன். இந்த வயதில், மூன்று பஸ் முதலாளி! வசூல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று லைனுக்கே காட்டுகிறேன் என்று ஏறினேன். முதல் நடையிலேயே விரல் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, “முதலாளி, ஓட்டுறதுக்கும் வந்துடுவீங்க போல” என்றார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

மூன்றாம் நாள் காலை நடை. துணி தைக்கிற அம்மா ஒருத்தர், தினமும் மடியில் மூட்டையோடு வருபவர், நூறு கொடுத்தார். டிக்கெட் ஐம்பது. மீதியை இழுத்துக் கொடுத்துவிட்டு நான்கு சீட் தாண்டிப் போயிருப்பேன்.

“ஐயா! இங்க வாங்க! இது எனக்கு வேண்டாம்.”

“எதும்மா வேண்டாம்?”

“இந்தப் புது நோட்டுதான். அம்பதையும் மாத்திட்டாங்களா? கடையில வாங்கமாட்டாங்க. பழசே குடுங்க. பொம்பளைன்னா தலையில கட்டிடலாம்னு பாத்தீங்களா?”

அவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடிப்பின் இடுக்கில் எட்டிப் பார்த்த கொக்கின் வாலைப் பார்த்ததும் அருவருத்துத் திருப்பிவிட்டார். நான் வாங்கி விரித்தேன். ஐந்நூறு.

தையல்காரம்மாவும் எட்டிப் பார்த்தார். ஒரு நொடி. உடனே கை நீண்டது. “சரி சரி, குடுங்க, பரவாயில்லை. நாமளே வாங்கலைன்னா யாரு வாங்குவாங்க?”

பஸ்ஸே சிரித்தது. நான் ஒரு பழைய ஐம்பதை அவர் கையில் வைத்துவிட்டு, முன்னால் போய் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தேன். ஒரு பழைய ஐம்பதை மடித்தேன். ஒரு புது ஐந்நூறை மடித்தேன். தொடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அகலம் ஒன்றே. இரண்டின் முதுகிலும் கீழ் ஓரத்தில் ஒரே வெளிறிய நீலப் பட்டை. விரித்தால் ராத்திரியும் பகலும். மடித்தால் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஐந்நூறை ஐம்பது என்று நினைத்துக் கொடுத்தால் போவது எவ்வளவு? நானூற்றைம்பது.

“என்ன முதலாளி, நோட்டுகிட்ட பேசுறீங்க?” என்றார் டிரைவர்.

இந்த நோட்டை வரைந்தவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். கண்ணாடிக்குள் வைத்து ஆறு மாதம் பார்த்திருப்பார்கள். ஒருவராவது அதை மடித்துக் கண்டக்டர் விரலில் செருகிப் பார்த்தாரா? பணம் என்றால் சட்டம் போட்டு மாட்டுகிற படம் என்று நினைப்பு. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள். ஜனங்களோ அதற்கும் மேலே. மிட்டாய்த் தாள், துவைத்த தாள், கோழித் தாள் என்று காறித் துப்பிய அத்தனை பேரில், கைக்கு அதிகமாக வந்த மிட்டாய்த் தாளைத் திருப்பிக் கொடுத்தவன் ஒருவன் கிடையாது. திருப்பிக் கொடுத்த ஒருத்தியும் ஐம்பது என்று நினைத்துக் கொடுத்தாள்.

அன்று மாலை என் பையை எண்ணினேன். தொள்ளாயிரம் குறைவு. முந்தைய இரண்டு நாளும் சரியாக இருந்ததே என்று மார்தட்டியவன் நான்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை தரையில் உட்கார்ந்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு, ஏதோ கடை விளம்பரத் தாளை மடித்துக்கொண்டிருந்தார். இரண்டு நோட்டையும் மடித்து அவர் முன்னால் வைத்தேன். பார்த்தார். விரித்தார். மறுபடி மடித்தார். முகம் செத்துப்போயிற்று.

“என் விரலுக்கு இது தெரியாமப் போச்சே மச்சான்.”

“விரலை விடுங்க. என் விரலுக்கே தெரியலை. இன்னைக்கு எனக்கும் தொள்ளாயிரம் போச்சு.” பணத்தை எடுத்தேன். “இந்தாங்க, பிடிச்சது.”

அவர் கையை நீட்டவில்லை. “கை தப்பாக் குடுத்ததுக்குப் பிடிச்சிருந்தா, சரின்னு போயிருப்பேன். வாங்கவும் மாட்டேன். நீங்க திருடினதுக்குன்னு பிடிச்சீங்க.”

“அதான் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சே.”

“உங்களுக்குத் தெரிஞ்சுது. ஸ்டாண்டுக்கு?”

“இப்ப என்ன பண்ணணுங்கிறீங்க?”

“எங்க எடுத்தீங்களோ அங்க வைங்க.”

“நான் முதலாளி மாப்பிள்ளை. நாலு பேரு முன்னால...”

அடுப்படியிலிருந்து தங்கை வந்தாள், கையில் கரண்டியோடு. “அன்னைக்கு அந்த நாலு பேரு முன்னால பேசினது முதலாளி வாய்தானே? அதே வாய் எண்ணட்டும். உன் கையில போனா நஷ்டம், இவர் கையில போனா திருட்டா அண்ணே?”

பேச்சில் என்னை மடக்கியவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர், இரண்டும் அவளே.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஸ்டாண்டில் கூட்டம் இருந்தது. கூட்டத்துக்கு என்ன பஞ்சம்? கொக்குச் சண்டை இன்னும் ஓயவில்லை. முகச்சவரக் கடைக்காரர் இருந்தார், கணக்கு வாத்தியார் இருந்தார், தையல்காரம்மாவும் மூட்டையோடு நின்றார். டைம் கீப்பர் ஜன்னலைத் திறந்தார். திட்டின் மேல் இரண்டு நோட்டையும் மடித்து வைத்து, என்ன நடந்தது என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தொண்டை எனக்கு எப்போதும் கண்டக்டர் தொண்டை; கடைசி பஸ் வரை கேட்டிருக்கும்.

“மாப்பிள்ளை எடுக்கலை. நான் சொன்னது தப்பு. போன பணம் உங்ககிட்டதான் இருக்கு. பதினோரு நோட்டு. யார் யாருன்னு நான் கேக்கலை. உங்களுக்கே தெரியும்.”

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் வருகிற பஸ்ஸின் போர்டை அக்கறையாகப் படித்தார். முகச்சவரக் கடைக்காரருக்குக் கடையில் ஆள் வந்துவிட்டது. கோழி என்று தீர்ப்புச் சொன்ன டைம் கீப்பர் மட்டும், “நான் அன்னைக்கே சொன்னேன், இந்த நோட்டு சரியில்லைன்னு” என்றார். நான் முறைத்ததும் பேரேட்டைப் புரட்டினார்.

மாப்பிள்ளை வலது கையை நீட்டினார். விரல்கள் அகலத் திறந்திருந்தன. நான் ஒவ்வொரு நோட்டையும் மடிக்காமல், முழுசாக விரித்து, சத்தமாகச் சொல்லி வைத்தேன். ஐந்நூறு, ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று ஒன்பது புது நோட்டு, நாலாயிரத்து ஐந்நூறு வரை. பிறகு பழைய ஐம்பதுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. எட்டாவதை வைத்ததும் கொஞ்சம் நிறுத்தினேன். அவர் கையை மூடவில்லை. கடைசி ஐம்பதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அந்த உள்ளங்கையில் வைத்தேன்.